பத்தாண்டுக் கிணற்று நீர் அளவீடுகளை இணையத்தில் பொதுவில் வைப்பது எப்படி?

கேள்வி: வேதியியல் ஆசிரியை

வணக்கம். தென்சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் கற்பித்து வருகிறேன். 2014-ஆம் ஆண்டு, நீரில் உப்பு எவ்வளவு கரைந்துள்ளது என்பதைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்க இளங்கலை மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய சிறு பயிற்சி ஒன்று, ஆண்டுதோறும் புதிய மாணவிகள் கைமாற்றி வாங்கிக்கொண்டதால் தொடர்ந்து நடந்து, 2024 முடிய ஒரு நீண்ட பதிவேடாகத் திரண்டிருக்கிறது. திருவான்மியூர் தொடங்கி நீலாங்கரை வரையில், கடற்கரைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட வீட்டுக் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைப் போர்களிலிருந்தும் மாதம் ஒரு முறை நீர் எடுத்து, மின்கடத்துதிறன், குளோரைடு, நீர்மட்டம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளமும், ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற 2019 கோடையும் இந்தக் காலத்துக்குள் அடங்குகின்றன.

இவ்வளவும் என் மேசை இழுப்பறையில் கிடப்பது சரியில்லை என்று எண்ணுகிறேன். மனிதர் நீரை இறைக்கும் வேகத்தால் உலகின் பல கடற்கரைகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாகி வருகிறது என்று படிக்கிறோம். அதைப் பற்றி நம் தெருக்கள் சொல்வது என்ன என்பது, இதே வேலையைச் செய்யும் பிறர் கைக்கும் எட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் ஒரு கசப்பான அனுபவம் என்னைத் தடுக்கிறது. சில காலத்துக்கு முன்பு ஒரு கருத்தரங்கில் நான் காட்டிய வரைபடத்தை யாரோ கைபேசியில் படமெடுத்து, கடல்மட்டம் உயர்ந்ததால் இப்பகுதிக் கிணறுகள் அனைத்தும் பாழாகிவிட்டன என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் படத்தைக் காட்டி வீட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்று, பத்து ஆண்டுகளாக எங்களுக்குக் கிணற்றைத் திறந்துவிடும் ஒரு பாட்டியம்மா வருந்திச் சொன்னபோது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன். தரவை முதலில் இணையத்தில் வைத்துவிட்டால், பிறகு அதைக் கொண்டு எழுதும் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்க மறுக்குமா? எங்கே வைப்பது நிலைத்து நிற்கும்? கிணறுகள் இருக்கும் இடத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்டலாம்? விளக்கத்தை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதுமா?


மறுமொழி 1: தரமணி நூலகர்

அம்மா, வணக்கம். ஓர் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்கிறேன்; மற்றவற்றுக்குத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தரவு வேறு, கட்டுரை வேறு. தரவைப் பொதுவில் வைப்பதைப் பெரும்பாலான சுற்றுச்சூழல் இதழ்களும் புவி அறிவியல் இதழ்களும் முன்னரே வெளியான கட்டுரையாகக் கருதுவதில்லை. மாறாக, கட்டுரையை அனுப்பும்போதே தரவு எங்கே இருக்கிறது என்று கேட்கும் இதழ்கள் பெருகிவிட்டன. கட்டுரையின் முன்வரைவை மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில் வைக்கும் பழக்கமும் புதியதன்று. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் களஞ்சியத்தில் அதுதான் நடந்தது. இணைய வேகம் குறைவாக இருந்த காலத்தில் அதன் இந்தியப் பிரதி இதே தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் கணினியில் இருந்தது. புவி அறிவியலுக்கென எர்த்ஆர்க்சைவ் 2017-இல் வந்தது. நீரியலில் 'ஹைட்ராலஜி அண்ட் எர்த் சிஸ்டம் சயன்சஸ்' என்ற இதழ், வந்த கட்டுரையை முதலில் பொதுவில் வைத்து, மதிப்பாய்வாளர்களின் கருத்துகளையும் அதன் அருகிலேயே வெளியிடுகிறது. எனினும் எல்லா இதழ்களும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. எந்த இதழுக்கு அனுப்ப நினைக்கிறீர்களோ, அதன் கொள்கைப் பக்கத்தை முதலில் படித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு, கல்லூரியின் இணையதளத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். கல்லூரித் தளங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும்போது பழைய கோப்புகள் சொல்லாமல் மறைந்துபோகும். தனிப்பட்ட கூகுள் டிரைவ் உங்கள் கணக்கு உள்ளவரைதான். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ என்ற களஞ்சியம் எத்துறைத் தரவையும் கட்டணமின்றி ஏற்கிறது. பெரிய நிறுவனத்தின் முத்திரை எதையும் கேட்பதில்லை. நீங்கள் வைக்கும் தொகுப்புக்கு, இணையத்தில் அதை என்றும் அடையாளம் காட்டும், மாறாத டிஓஐ எண் ஒன்று கிடைக்கும். அதனினும் முக்கியமாக, பிழை கண்டு திருத்தினால் புதிய பதிப்பாக ஏற்றலாம்; பழைய பதிப்பும் அருகிலேயே இருக்கும்; யார் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பது என்றும் தெளிவாகத் தெரியும். பத்தாண்டு எண்களில் பிழை வராமல் இருக்காது, ஆகையால் இந்த வசதியைச் சிறியதென்று எண்ண வேண்டாம். எக்செல் கோப்பை அப்படியே ஏற்றாமல், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக மாற்றி ஏற்றுங்கள்.

உரிமத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் சறுக்குவது அங்கேதான். வாட்ஸ்அப் அனுபவத்துக்குப் பிறகு, வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்று எழுதத் தோன்றும். அந்தத் தடை வதந்தி பரப்புபவரை நிறுத்தாது. தரவைப் பாடநூலில் சேர்க்க நினைக்கும் பதிப்பாளரையும், செய்தியாக எழுத நினைக்கும் நாளிதழையும்தான் அது தயங்க வைக்கும். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

கட்டுப்பாட்டைத் தளர்த்துவதால் என்ன நிகழும் என்பதற்கு லேண்ட்சாட் செயற்கைக்கோளின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு படத்தை வாங்க 2000-களின் தொடக்கத்தில் சுமார் 600 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. விற்பனை மிகுந்திருந்த 2001-ஆம் ஆண்டிலேயே விற்றவை ஏறத்தாழ 25,000 படங்கள்தாம். 2008-இன் இறுதியில் முழுத் தொகுப்பையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஓராண்டுக்குள் பதிவிறக்கம் பத்து லட்சத்தை எட்டியது. உலகின் காடுகள் எங்கே அழிந்தன, எங்கே மீண்டும் வளர்ந்தன என்று 30 மீட்டர் துல்லியத்தில் காட்டும் வரைபடம் 2013-இல் வெளிவந்தது அதனால்தான். படம் ஒன்றுக்கு 600 டாலர் என்றால் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த எண்ணம் நம் ஊருக்கு அந்நியமானதன்று. தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் முன்னின்று, 2004-ஆம் ஆண்டிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க விடும் திறந்த அணுக்கம் குறித்துப் பயிலரங்குகள் நடந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே ஒட்டுமொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் பயன்பெறுபவை அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் ஆகும். உங்களைப் போன்ற தனியார் கல்லூரி ஆசிரியர்கள் அதற்கு வெளியே நிற்கிறீர்கள். வெளியே நிற்பவர் ஒருவர் தம் எண்களை எல்லோருக்கும் திறந்து வைக்க முன்வருவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.


மறுமொழி 2: ஓய்வுபெற்ற நிலத்தடி நீர்ப் பொறியாளர்

நூலகர் பெட்டகத்தைச் சொன்னார். உள்ளே வைக்கும் பொருளைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

மாணவிகள் பயன்படுத்தியது கையடக்க டிடிஎஸ் மீட்டராக இருந்தால், அது கரைந்த உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் காரணி கருவிக்குக் கருவி 0.5 முதல் 0.7 வரை மாறும். மின்கடத்துதிறன் 3,000 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே நீரை ஒரு மீட்டர் 1,500 என்றும் மற்றொன்று 2,100 என்றும் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிடில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்சம் 2,000. அதாவது, மீட்டரை மாற்றினாலே ஒரு கிணறு வரம்புக்கு உள்ளிருந்து வெளியே போய்விடும். பத்தாண்டில் கருவி எத்தனை முறை மாறியது, எந்தத் திட்டக் கரைசலைக் கொண்டு சரிபார்த்தீர்கள், அளவு 25 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்தப்பட்டதா என்பவற்றை எழுதாமல் எண்களை மட்டும் ஏற்றினால், அவற்றை நம்பி யாரும் எதையும் சொல்ல முடியாது. மின்கடத்துதிறனையே மூல அளவாக வெளியிடுங்கள். டிடிஎஸ் தேவைப்படுபவர் கணக்கிட்டுக்கொள்வார்.

நீர்மட்டத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? கிணற்றின் கைப்பிடிச் சுவர் விளிம்பிலிருந்தா, தரையிலிருந்தா? வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் சுவரை உயர்த்திக் கட்டியிருந்தால், அந்த மாதம் நீர்மட்டம் திடீரென்று தாழ்ந்ததுபோல் பதிவாகியிருக்கும். மோட்டாரை ஓட்டுவதற்கு முன் எடுத்த நீரா, பின் எடுத்த நீரா என்பதும் வேண்டும். இவை உங்கள் பழைய மாணவிகளின் நினைவில் இருக்கும். அவர்கள் திருமணமாகியும் வேலை கிடைத்தும் ஊர் மாறுவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.

இனி, அந்த வாட்ஸ்அப் தலைப்பைப் பற்றி. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே கடலோர மணலில் நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மீது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் பழைய கணக்கு. நம் கடற்கரையில் மணற்படுகை அவ்வளவு ஆழமில்லை, அடியில் சார்னோகைட் பாறை வந்துவிடும். இருந்தாலும் கணக்கு சொல்லும் திசை மாறாது. மேலே ஒரு சாண் இறைத்தால், கீழே உவர்நீர் பல மடங்கு ஏறிவரும். பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 0.20 மீட்டர் உயர்ந்தது. ஒரே கோடையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் போர்கள் நீர்மட்டத்தைத் தாழ்த்தும் அளவோடு இதை ஒப்பிட்டால், உங்கள் பத்தாண்டுப் பதிவில் எது பேசுகிறது என்பது விளங்கும். கடல் உயர்வு பொய்யென்று நான் சொல்லவில்லை. தாழ்ந்த கடற்கரையில் அது எதிர்காலத்தில் கடுமையாகவே பேசும். ஆனால் இப்போதைய உப்புக்குக் கடலை மட்டும் காரணம் காட்டினால், இறைப்பவர்கள் அனைவரும் விடுதலையாகி விடுகிறார்கள்.

வட சென்னையில் நான் பணியாற்றிய காலத்தில் இதைக் கண்ணால் கண்டேன். மீஞ்சூர்க் கிணற்று வயலில் நகருக்காக இறைத்த இறைப்பில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்ததற்கும், 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானதற்கும் பின்னணி இத்தகைய அனுபவங்கள்தாம்.

உங்கள் தரவு உலகக் கணக்கோடு எங்கே இணைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரிழப்பைக் கண்டன. 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை வடமேற்கு இந்தியா இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று 2009-இல் ஒரு கட்டுரை கணக்கிட்டது. 1993 முதல் 2010 வரை உலகெங்கும் இறைத்த சுமார் 2,150 ஜிகாடன் (ஒரு ஜிகாடன் நூறு கோடி டன்) நீர் கடலில் போய்ச் சேர்ந்ததில், பூமியின் சுழல்முனை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று 2023-இல் மற்றொரு ஆய்வு காட்டியது. ஆனால் கிரேஸ் செயற்கைக்கோளின் பார்வை பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. திருவான்மியூருக்கும் நீலாங்கரைக்கும் இடையே நடப்பது அதற்குத் தெரியாது. நீரில் உப்பு இருப்பதும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை தெருக் கிணறுகள்தாம்.

ஓர் எச்சரிக்கை. கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் குளோரைடை உயர்த்தும். நைட்ரேட்டையும் அளந்திருந்தால், கடலுப்பையும் கழிவுநீரையும் பிரித்தறிய உதவும். அளக்கவில்லையென்றால், உவர்ப்பின் காரணத்தை இத்தரவு தனித்து நிறுவாது என்று விளக்கக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கடைசிப் பத்தியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.


மறுமொழி 3: முனைவர் பட்ட மாணவன்

ஆசிரியை அவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. இத்தகைய தரவு உங்களிடம் இருப்பது தெரிந்தால், ஒரு வாரத்தில் வெளியிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். பணத்தைப் பெற்றுக்கொண்டு மதிப்பாய்வே செய்யாமல் வெளியிடும் அந்த இதழ்களை வடிகட்டுவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இப்போது நாமேதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். என் கூடப் படிப்பவர் ஒருவர் அப்படி ஓர் இதழில் நல்ல தரவைக் கொடுத்துவிட்டு, இன்று அதை மேற்கோள் காட்டவும் கூசுகிறார். டிஓஐ எண்ணோடு களஞ்சியத்தில் முதலில் வைத்துவிட்டால், தரவு எப்போது யாரால் எடுக்கப்பட்டது என்பது நிலைபெற்றுவிடும். அதன் பிறகு நல்ல இதழுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கலாம்.


மறுமொழி 4: கரைநடைத் தன்னார்வலர்

இடத்தை எவ்வளவு காட்டலாம் என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்காக நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் பருவந்தோறும் இரவில் நடப்பவர்களில் நானும் ஒருவன். மாணவர்கள் 1988 முதல் இந்த நடையை நடந்து வருகிறார்கள். அதே கரையில் அதே பருவத்தில் ஆண்டுதோறும் நடந்து எண்ணியதால்தான், 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இது வழக்கமான ஆண்டு அன்று என்று முதல் வாரத்திலேயே உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் முட்டையிட்ட குழி எங்கே இருக்கிறது என்பதை அன்றிரவே நாங்கள் யாருக்கும் அறிவிப்பதில்லை.

உயிரினங்களைப் பற்றிய ஆய்வில் இதற்குக் கொடிய முன்னுதாரணம் உண்டு. சீனாவின் குகைப் பல்லி இனம் ஒன்று 1999-இல் அறிவியல் இதழில் விவரிக்கப்பட்டது. கட்டுரையில் இருந்த இடக்குறிப்பைப் பின்பற்றிச் சென்ற வணிகர்கள் பிடித்துத் தீர்த்ததில், விவரிக்கப்பட்ட அந்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் இன்று அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் இடத்தை வேண்டுமென்றே இருபது கிலோமீட்டருக்கும் மேல் மங்கலாக்கிக் காட்டுகின்றன.

கிணற்றை யாரும் திருடிப் போக மாட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். அந்தப் பாட்டியம்மாவுக்கு நேர்ந்ததும் இழப்புதானே? ஆகவே பெயர், கதவு எண், தெரு எதுவும் வேண்டாம். அட்சரேகை தீர்க்கரேகையை மூன்று தசம இடங்களோடு நிறுத்தினால் சுமார் 110 மீட்டர் வரை மங்கும். உங்கள் பகுதியில் அந்தப் பரப்புக்குள் பல வீடுகள் இருக்கும். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மங்கிவிடும். அப்போது கடற்கரைக் கிணறும் கால்வாயோரக் கிணறும் ஒன்றாகிவிடும், ஆய்வுக்கே பயன்படாது. பொறியாளர் ஐயா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்: இந்தத் தரவுக்கு உண்மையில் தேவைப்படுவது வீடு எங்கே என்பதன்று, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்பவையே. அவ்விரண்டையும், தூரத்தை 50 மீட்டர் பட்டைகளாக, தனி நெடுவரிசையில் கொடுத்துவிட்டால் போதும்.

மற்றொன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டார் நீரெடுக்க அனுமதித்தார்கள்; உலகம் முழுவதும் பார்க்க வெளியிட அனுமதித்தார்களா? வீடு வீடாகச் சென்று மீண்டும் கேளுங்கள். வேண்டாம் என்பவரின் கிணற்றை விட்டுவிடுங்கள்.


மறுமொழி 5: பாலவாக்கம் குடியிருப்பாளர்

நான் ஆய்வாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக இதே மணலில் குடியிருப்பவன். எங்கள் வீட்டு உறைகிணற்று நீரில் ஒரு காலத்தில் பருப்பு வேகும். இன்று அந்த நீரில் துணி துவைத்தாலும் சோப்பு நுரைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் வாயில் வைக்கும்படியாக இருக்கும், பங்குனிக்குள் மறுபடியும் கரித்துவிடும்.

இத்தனை ஆண்டுகளில் எங்கள் கிணற்றிலிருந்து பாட்டிலில் நீர் எடுத்துச் சென்றவர்கள் பலர். முடிவை வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரு முறை, எங்கள் தெருவின் பெயரோடு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்று என் மகள் கண்டுபிடித்தாள். திறந்து பார்த்தால், படிப்பதற்குப் பணம் கட்டச் சொன்னது. எங்கள் கிணற்று நீரைப் பற்றி எங்களுக்கே தெரியாமல் எங்கோ விலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், அம்மா. தமிழில் கட்டாயம் எழுதுங்கள். ஆங்கிலக் குறிப்பின் மொழிபெயர்ப்பாக வேண்டாம். எங்களுக்கு வேண்டிய கேள்விகள் வேறு. எங்கள் கிணறு எந்த மாதங்களில் எதற்கு ஆகும்? கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உப்பு நிற்கிறது? போரை இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல நீர் வருமா, உப்புதான் வருமா? பொறியாளர் ஐயா சொன்ன கணக்கைப் படித்த பிறகுதான், போன ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டார் ஆழப்படுத்தியது ஏன் வீணானது என்று எனக்கு விளங்கியது. இது முன்பே எங்கள் தெருவில் ஒரு பக்கத் தாளாக வந்திருந்தால், அவர்கள் அந்தப் பணத்தைச் சேகரிப்புக் குழிக்குச் செலவிட்டிருப்பார்கள்.

பாட்டியம்மாவின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மறைத்து வைத்தால் விலை காப்பாற்றப்படும் என்று நான் நம்பவில்லை. வீடு வாங்க வருபவர் குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.


கேள்வி கேட்டவரின் பதில்: வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொறியாளர் ஐயா கேட்டதில் பாதிக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. கருவி மூன்று முறை மாறியது நினைவிருக்கிறது. பழைய ஆய்வகக் குறிப்பேடுகளில் சரிபார்ப்பு விவரம் இருக்கிறது, எடுத்துத் தொகுக்கிறேன். நைட்ரேட் அளக்கவில்லை. அதை முதல் பத்தியிலேயே எழுதுவேன். கரைநடைத் தம்பி சொன்னபடி வீடு வீடாகச் சென்று மீண்டும் ஒப்புதல் கேட்க, இப்போதைய மாணவிகள் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். பாட்டியம்மாவிடம் நானே போகிறேன். பாலவாக்கம் ஐயா, உங்கள் மூன்று கேள்விகளையே தமிழ்த் தாளின் மூன்று தலைப்புகளாக வைத்துக்கொள்கிறேன். வரைவை முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஊரடங்கினால் யாரும் வெளியே போக முடியவில்லை. ஏழு மாதங்கள் வெற்றிடம். முன்னும் பின்னும் உள்ள அளவுகளைக் கொண்டு இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டு நிரப்பினால் வரைபடம் சீராக இருக்கும் என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். செய்யலாமா?


மறுமொழி 6: தரமணி நூலகர்

நிரப்ப வேண்டாம், அம்மா. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது, காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது. 2023-இன் ஆண்டுச் சராசரி 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதரால் வளிமண்டலம் மாறுகிறது என்பதற்கு உலகம் முதலில் எடுத்துக் காட்டும் பதிவு அது. அதிலும் 1964-இன் தொடக்கத்தில், நிதி வெட்டினால் அளவீடு நின்றுபோன சில மாதங்கள் உண்டு. கீலிங்கின் நிறுவனம் வெளியிடும் கோப்பில் அந்த மாதங்களில் அளவீடு இல்லை என்பது இன்றும் தெரிகிறது.

உங்கள் கோப்பிலும் அந்த ஏழு மாதக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். சுழியம் என்று போட்டுவிடாதீர்கள். சில மென்பொருள்கள் அதை உண்மையான அளவாக எடுத்துக்கொள்ளும். விளக்கக் குறிப்பில் 'ஊரடங்கு, நீர் எடுக்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். இடைவெளியை மதிப்பிட வேண்டியவர் தம் முறையைச் சொல்லித் தாமே மதிப்பிட்டுக்கொள்வார். தொகுப்பை ஏற்றியதும் டிஓஐ எண்ணை இங்கே குறிப்பிடுங்கள். கோப்பைத் திறந்து, நெடுவரிசைத் தலைப்புகள் புரிகின்றனவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.